பச்சைப் பின்னணியில் நீல எழுத்து

லினக்ஸ் டெர்மினலுக்குப் புதிதாக வந்த யாரிடம் கேட்டாலும் முதல் வாரத்தில் ஒரே புலம்பல்தான்: "ஃபோல்டர் பேரெல்லாம் கண்ணுக்கே தெரியல." எல்எஸ் என்று அடித்தால் கருப்புத் திரையில் கருநீல எழுத்தாக வந்து விழுகிறது. பிரைட்னஸைக் கூட்டிப் பார்ப்பார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பார்கள். பவர் ஏறிவிட்டதோ என்றுகூடச் சந்தேகம் வரும். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, கணக்கே அப்படித்தான்.

திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுதாக எரிந்தால் வெள்ளை. அந்த வெள்ளையின் வெளிச்சத்தை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், நம் கண்ணைப் பொறுத்தவரை பச்சையிடமிருந்து வருவது சுமார் 72 பங்கு. சிவப்பு 21. நீலம் வெறும் 7. நீலத்தை எவ்வளவு முறுக்கினாலும் அந்த ஏழைத் தாண்டாது. வலைப்பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு குறைந்தது 4.5 மடங்கு இருக்க வேண்டும் என்கின்றன. அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், கருப்பின் மேல் சுத்தமான முழு நீலத்துக்குக் கிடைப்பது 2.4 தான். பழைய விண்டோஸ் கன்சோலின் கருநீலத்துக்கு 1.3. ஒன்று என்றால் எழுத்தே தெரியாது என்று அர்த்தம். 1.3 என்பது ஏதோ அங்கே இருக்கிறது என்று தெரிகிற அளவு.

அந்த நீலத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. பழைய சிஆர்டி மானிட்டர்கள் நிறத்தைக் காட்டிய விதம் வேறு. அந்தக் காலத்துக்குப் பொருத்தமாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எல்சிடி வந்தபோது திரை மாறியது, எண்கள் மாறவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் கன்சோலின் நிறங்களைத் திருத்தியது 2017-இல்தான். 0, 0, 128 என்றிருந்த நீலம் 0, 55, 218 ஆனது. 'கேம்ப்பெல்' என்று அந்தப் புதிய வரிசைக்குப் பெயர். நான் கணக்குப் போட்டதில் 1.3 என்பது 2.4 ஆகியிருக்கிறது. பரவாயில்லை, ஆனால் இன்னும் பாஸ் மார்க் இல்லை.

இப்படி இருக்கிற நிறங்களை நமக்குத் தோதாக மாற்றிக்கொள்வதுதான் இந்தப் பதிவு. நான் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் போகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். நிறக் குறியீடுகள் எல்லாம் எண்கள்தான், அதனால் அங்கே குழப்பம் வராது.

மாற்றுவதற்கு முன்னால் ஒன்று. இப்போது இருக்கிற நிறங்கள் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்ளாமல் அவற்றில் கை வைக்கக் கூடாது. பலர் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். எல்எஸ் காட்டும் நிறத்தில் பாதி அலங்காரம், மீதிப் பாதி செய்தி. நீலம் ஃபோல்டர், வெளிர்நீலப்பச்சை சிம்லிங்க், பச்சை இயக்கக்கூடிய கோப்பு, சிவப்பு டார், ஜிப் போன்ற சுருக்கிய கட்டுகள், ஊதா படங்களும் வீடியோக்களும். இவ்வளவும் எல்லோருக்கும் ஒரு மாதிரி பழகிவிடும். பின்னணியே நிறம் மாறி வருகிற கோப்புகள்தான் முக்கியமானவை. அவற்றைத்தான் யாரும் கேட்பதில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டான். விண்டோஸ் மடிக்கணினிக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொண்டு, தன் சி டிரைவை எட்டிப் பார்த்திருக்கிறான்.

"அண்ணே, எல்லா ஃபோல்டரும் பச்சைப் பட்டையா வருது. உள்ள நீலத்துல எழுத்து. படிக்கவே முடியல. வைரஸா இருக்குமோ?"

"வைரஸ் இல்லடா. யார் வேணா எழுதலாம்னு சொல்லுது."

அதுதான் விஷயம். 34;42 என்பது நீல எழுத்து, பச்சைப் பின்னணி. உரிமையாளர், குழு இரண்டையும் தாண்டி, அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் இந்த ஃபோல்டருக்குள் கோப்பு வைக்கலாம், எடுக்கலாம், அழிக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை அது. சாதாரண லினக்ஸில் இப்படி ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆனால் விண்டோஸ் டிரைவில் லினக்ஸ் பாணி அனுமதிகள் கிடையாது. டபிள்யூஎஸ்எல் 'எல்லோருக்கும் எல்லாம்' என்று 777 போட்டுக் காட்டிவிடுகிறது. எல்எஸ் பாவம், கண்ணில் பட்டதைச் சொல்கிறது. ஆயிரம் ஃபோல்டருக்கும் ஒரே நேரத்தில் அபாய மணி அடித்தால் அதை மணி என்று யார் மதிப்பார்கள்?

இதில் ஒரு வேடிக்கை. கருப்பின் மேல் படிக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நீலத்தை வெளுப்பாக்கியது அல்லவா, அதனால் பச்சையின் மேல் அதே நீலம் இன்னும் மோசமாகிவிட்டது. பழைய நிறங்களில் இந்தப் பட்டையின் வேறுபாடு சுமார் 3.1. புதிய நிறங்களில் சுமார் 2.4. தம்பி சொன்னது மிகையே இல்லை.

தேடினால் இதற்குக் கிடைக்கும் பெரும்பாலான பதில்கள் அந்தப் பச்சையை எடுத்துவிடச் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறம் உண்மையைச் சொல்லும்போது உண்மையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். ஈடிசி ஃபோல்டரில் டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் என்ற கோப்பில், ஆட்டோமவுன்ட் பகுதியில் மெட்டாடேட்டா என்ற சொல்லையும் அதோடு யுமாஸ்க் 22, எஃப்மாஸ்க் 11 என்பவற்றையும் சேர்த்து, டபிள்யூஎஸ்எல்லை நிறுத்தித் திரும்ப எழுப்பினால் விண்டோஸ் டிரைவுக்கும் ஒழுங்கான அனுமதிகள் வந்துவிடும். பச்சை தானாக மறைந்துவிடும். தம்பிக்கு அப்படித்தான் மறைந்தது.

பென் டிரைவிலும் இதே கூத்துதான், வேறு வேஷத்தில். ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவுக்கும் லினக்ஸ் அனுமதிகள் தெரியாது. சில கணினிகளில் அதிலுள்ள எல்லாக் கோப்பும் இயக்கக்கூடியதாகவே தெரியும். உடனே கல்யாண போட்டோ முதல் ரேஷன் கார்டு ஸ்கேன் வரை அத்தனையும் பச்சை. 'ஜேபெக் படத்துக்கு ஊதா என்று எழுதி வைத்திருக்கிறேனே, அது எங்கே போயிற்று?' என்று குழம்புவார்கள். எங்கும் போகவில்லை. எல்எஸ் முதலில் அனுமதியைத்தான் பார்க்கும். சூப்பர் பயனராக ஓடும் கோப்பா, இயக்கக்கூடியதா என்று கேட்டு முடித்து, இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெயரின் வாலைப் பார்க்கும். இயக்கக்கூடியது என்று ஆகிவிட்டால் வாலைத் திரும்பியே பார்ப்பதில்லை. அந்த வால் ஒப்பீடும் வெறும் எழுத்து ஒப்பீடுதான். உள்ளே இருப்பது படமா பாட்டா என்று திறந்து பார்க்கும் வழக்கம் எல்எஸ்ஸுக்கு இல்லை. எம்பி3 என்று பெயர் வைத்த வெற்றுக் கோப்புக்கும் பாட்டின் நிறம்தான் கிடைக்கும்.

ரூட் ஃபோல்டரில் நின்று எல்எஸ் அடித்துப் பாருங்கள். டிஎம்பி மட்டும் பச்சைப் பட்டையில், ஆனால் கருப்பு எழுத்தில் இருக்கும். குறியீடு 30;42. அதுவும் எவரும் எழுதக்கூடிய இடம்தான். ஆனால் அங்கே ஸ்டிக்கி பிட் உண்டு. அதாவது யாரும் கோப்பு வைக்கலாம், மற்றவர் வைத்ததை எடுத்தெறிய முடியாது. எழுத்து நீலமா கருப்பா என்ற அந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களின் நுணுக்கத்தைப் பாராட்டுவதா, இதை யார் கவனிப்பார்கள் என்று நினைத்தார்கள் என்று கேட்பதா, எனக்கு இன்னும் தீர்மானம் ஆகவில்லை.

யுஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் இருக்கும் பின் ஃபோல்டருக்குப் போனால் பச்சை எழுத்துக் கடலுக்கு நடுவே சில பெயர்கள் சிவப்புப் பின்னணியில் வெள்ளையாக நிற்கும். பாஸ்வேர்ட் மாற்றும் நிரல் அதில் ஒன்று, சூடோ இன்னொன்று. இவை செட்யுஐடி கோப்புகள். யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளராக, பெரும்பாலும் ரூட்டாக, ஓடும். உங்கள் கடவுச்சொல்லை நீங்களே மாற்றிக்கொள்ள முடிவது இதனால்தான். அந்தச் சிவப்புப் பட்டை அங்கே இருப்பது நியாயம். அதே சிவப்புப் பட்டை உங்கள் ஹோம் ஃபோல்டரில் நீங்கள் வைக்காத ஒரு கோப்பின் மேல் இருந்தால் அன்றைக்கு மற்ற வேலைகளை ஒத்திப்போடுங்கள்.

சரி, இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

எல்எஸ் 1971-இல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பிலேயே உண்டு. அப்போது நிறம் என்ற பேச்சுக்கே இடமில்லை, பலருடைய முனையம் காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப். கோப்பு வகையைக் காட்டப் பின்னாளில் எல்எஸ்ஸுக்குப் பெரிய எஃப் தெரிவு வந்தது. ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, இயக்கக்கூடியதற்கு ஒரு நட்சத்திரம், சிம்லிங்குக்கு அட் குறி. இன்றைக்கும் வேலை செய்கிறது. நிறம் பிடிக்காதவர்கள் அதோடு நிம்மதியாக இருக்கிறார்கள்.

திரைக்கு நிறம் சொல்லும் குறியீடுகள் 1976-இல் வெளிவந்த ஈசிஎம்ஏ-48 தரத்திலிருந்து வருகின்றன. அதைப் பரவலாக்கியது 1978-இல் வந்த டெக் நிறுவனத்தின் விடி100. விடி100-இல் நிறமே கிடையாது என்பது தனிக்கதை. எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்பு, சில எண்கள், கடைசியில் ஒரு சின்ன எம். இவ்வளவுதான் குறியீடு. 30 முதல் 37 வரை எழுத்தின் நிறம், 40 முதல் 47 வரை பின்னணி. கருப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், ஊதா, வெளிர்நீலப்பச்சை, வெள்ளை என்பது வரிசை. 34 நீலம் என்றால் 44 நீலப் பின்னணி. 01 தடித்த எழுத்து, 04 அடிக்கோடு, 07 எழுத்தும் பின்னணியும் இடம் மாறுவது, 05 மினுக்குவது. ரெட் ஹேட் வகை லினக்ஸ்களில் ஒரு காலத்தில் இந்த 05-ஐ வைத்து, இலக்கு தொலைந்துபோன லிங்க் எதைச் சுட்டுகிறதோ அந்தப் பெயரைச் சிவப்புப் பட்டையில் மினுக்க விட்டிருந்தார்கள். நல்லவேளை, பல டெர்மினல்கள் மினுக்கலைக் கண்டுகொள்வதில்லை.

க்னூ எல்எஸ் எந்த வகைக்கு எந்த எண் என்பதை எல்எஸ்_கலர்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் தேடும். அதைத் திரையில் காட்டச் சொன்னால் பக்கம் நிறைய ஒரே வரியாக, முக்காற்புள்ளிகளால் ஒட்டிய கொடுமை ஒன்று வரும். அதை நேரடியாகத் திருத்த யாராலும் ஆகாது, திருத்தவும் வேண்டாம். எச். பீட்டர் ஆன்வின் எழுதிய டிர்கலர்ஸ் என்ற சின்ன நிரல் இதற்காகவே இருக்கிறது. அதற்குச் சின்ன பி தெரிவு (பிரிண்டின் பி) கொடுத்தால், மனிதர் படிக்கிற மாதிரி, வகைக்கு ஒரு வரியாக, விளக்கக் குறிப்புகளோடு முழுப் பட்டியலையும் தரும். அதை ஹோம் ஃபோல்டரில் .டிர்கலர்ஸ் என்ற பெயரில் சேமித்துத் திருத்தவேண்டியதுதான். உபுண்டுவில் இதற்கு மேல் ஒன்றுமே செய்ய வேண்டாம். அங்கே .பாஷ்ஆர்சி கோப்பு ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும். மற்றவற்றில் டிர்கலர்ஸ் தரும் வெளியீட்டை ஈவால் செய்யும் ஒரு வரியை நீங்களே சேர்க்க வேண்டும்.

அந்தக் கோப்பின் தலையில் டெர்ம் என்று தொடங்கும் சில வரிகள் இருக்கும். நிறம் தெரிந்த டெர்மினல்களின் பட்டியல் அது. உங்கள் டெர்மினல் அந்தப் பட்டியலில் பொருந்தவில்லை என்றால் டிர்கலர்ஸ் வெறுமையைத்தான் தரும். 'எல்லாம் சரியாகத்தான் எழுதினேன், ஆனால் என் நிறங்கள் ஒன்றும் வரவில்லை' என்பவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

என் கோப்பில் நான் செய்ததில் பெரும்பகுதி அழித்ததுதான். ஆரம்பத்தில் எல்லோரும் நேர் எதிராகத்தான் போகிறோம். பைத்தானுக்கு ஒரு நிறம், எச்டிஎம்எல்லுக்கு ஒன்று, ரீட்மீக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனால், எல்எஸ் அடித்ததும் திருவிழா முடிந்து கழற்ற மறந்த சீரியல் பல்பு மாதிரி ஆகிவிடும். எதைப் பார்ப்பது என்றே கண்ணுக்குத் தெரியாது. பைத்தான் கோப்பு பைத்தான் கோப்பு என்று எனக்கு நிறம் சொல்லத் தேவையில்லை. பெயரின் வாலிலேயே எழுதியிருக்கிறது. பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததை மட்டும்தான் நிறம் சொல்ல வேண்டும். அனுமதி, லிங்க் உயிரோடு இருக்கிறதா இல்லையா, இது ஃபோல்டரா கோப்பா, இவை பெயரில் தெரியாதவை.

ஆகவே சிவப்பிலிருந்து ஜிப்பையும் டாரையும் முதலில் விரட்டினேன். ஒரு ஜிப் கோப்பில் அப்படி என்ன ஆபத்து இருக்கிறது? சிவப்பு எழுத்து இப்போது செத்துப்போன சிம்லிங்குக்கு மட்டும். சிவப்புப் பின்னணி செட்யுஐடிக்கு, அதை இருந்தபடியே விட்டுவிட்டேன். உயிருள்ள சிம்லிங்குக்குத் தடிமன் இல்லாத 36. அதற்கு எண்ணுக்குப் பதிலாக டார்கெட் என்று எழுதினால் லிங்க் போய்ச்சேரும் கோப்பின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு இது லிங்க் என்று தெரிந்தாக வேண்டும். இயக்கக்கூடியதற்கு 32. படம், பாட்டு, வீடியோ வரிகள் மொத்தமாக அழிந்தன.

ஃபோல்டருக்கு நிறமே இல்லை, வெறும் 01. தடித்த எழுத்து, அவ்வளவுதான். முதலில் ஒரு மாதிரி வெறிச்சென்று இருந்தது. இப்போது வேறு கணினியில் நீலத்தைப் பார்த்தால்தான் உறுத்துகிறது. நிறம் கொடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 01;34 என்பது எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி வருவதில்லை. பழைய பிசியின் விஜிஏ எழுத்துத் திரையில் எழுத்தைத் தடிப்பாக்க வழியில்லை, அதனால் 01 என்றால் அதே நிறத்தின் வெளிறிய வடிவம் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் இன்றும் சில டெர்மினல்களில் தொடர்கிறது, சிலவற்றில் இல்லை. க்னோம் டெர்மினலில் இதற்கென்றே ஒரு டிக் பெட்டி இருக்கிறது. விண்டோஸ் டெர்மினலின் கேம்ப்பெல் வரிசையில் வெளிறிய நீலம் என்றால் வேறுபாடு 5-ஐ ஒட்டி வந்துவிடும், தாராளமாகப் படிக்கலாம். வெறும் நீலம் தடிப்பாக வந்தால் பழைய 2.4 தான். அதாவது ஒரே குறியீடு ஒருவருக்குத் தெரிகிறது, பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியவில்லை. நீலமே வேண்டும் என்பவர்கள் 01;34-க்குப் பதில் 94 என்று எழுதுங்கள். அது எங்கே போனாலும் வெளிறிய நீலம்தான்.

எங்கே போனாலும் என்று சொன்னேன், சோலரைஸ்டு தீம் போட்டவர்கள் சிரிப்பார்கள். ஈத்தன் ஸ்கூனோவர் 2011-இல் வெளியிட்ட அந்த வரிசை அழகானது. ஆனால் அதில் வெளிறிய நிறங்களுக்கான இடங்களில் பாதிக்கு மேல் சாம்பல்கள் உட்கார்ந்திருக்கின்றன. வெளிறிய பச்சை கேட்டால் மங்கிய சாம்பல் வரும். தடித்தால் வெளிறும் டெர்மினலில் அதைப் போட்டால் இயக்கக்கூடிய கோப்புகள் எல்லாம் நரைத்துப் போகும், ஃபோல்டர்கள் சாதாரண எழுத்து நிறத்தில் வரும். 90 என்ற அடர்சாம்பல் இன்னும் மோசம். சோலரைஸ்டின் இருட்டு வடிவில் அதுதான் பின்னணி நிறமே. புதிய டிர்கலர்ஸ் பட்டியலில் பேக்கப் கோப்புகளுக்கு இந்த 90-ஐத்தான் கொடுத்திருக்கிறார்கள். கோப்பு இருக்கும், இடம் இருக்கும், பெயர் மட்டும் மாயமாகிவிடும்.

இதற்காகத்தான் மங்கலாகத் தெரிய வேண்டிய கோப்புகளுக்கு, லாக், பேக்கப், கம்பைல் செய்த மிச்சங்கள், 256 நிற வரிசையிலிருந்து 38;5;244 கொடுத்திருக்கிறேன். அந்த வரிசையில் முதல் 16 எண்கள்தான் தீமுக்குத் தீம் ஆடும். அதற்குப் பிறகு வருபவை பெரும்பாலும் நிலையானவை. 16-இல் தொடங்கி 216 நிறங்கள், பிறகு 232 முதல் 255 வரை 24 சாம்பல்கள். நடுவில் உள்ள நிறங்களுக்குக் கணக்கு உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை அளவு எடுத்து, சிவப்பை 36-ஆல் பெருக்கி, பச்சையை 6-ஆல் பெருக்கி, நீலத்தை அப்படியே கூட்டி, மேலே 16 சேர்க்க வேண்டும். சிவப்பு 5, பச்சை 2, நீலம் 0 என்றால் 208, நல்ல ஆரஞ்சு. சிவப்பு 1, பச்சை 3, நீலம் 5 என்றால் 75, கருப்பின் மேல் கண் கூசாமல் தெரியும் நீலம். இதற்கும் மேல் 38;2 என்று தொடங்கி ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறங்கள் வரை போகலாம். எல்எஸ்ஸுக்கு அதெல்லாம் எதற்கு என்பது என் கட்சி.

எவரும் எழுதக்கூடிய ஃபோல்டருக்கு, அந்த நீலம்-பச்சைக்குப் பதிலாக, வெறும் 07. எழுத்தும் பின்னணியும் இடம் மாறும். கருப்புத் திரையில் வெள்ளைப் பட்டை, வெள்ளைத் திரையில் கருப்புப் பட்டை. எந்த தீமிலும் படிக்க முடியும். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் தெரியும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒருவருக்கு அந்தக் குறை உண்டு என்பார்கள். நம் ஊரில் விகிதம் அதைவிடக் குறைவு. ஆனாலும் ஒரு டீமில் ஒருவர் இருந்தால் போதும், 'செத்த லிங்க் சிவப்பு, ஓடும் நிரல் பச்சை' என்ற ஏற்பாடு அவருக்குப் பயன்படாது. செத்த லிங்குக்கு நான் சிவப்போடு 04 அடிக்கோடும் சேர்த்திருப்பது அதனால்தான். ஸ்டிக்கி பிட் இருக்கும் டிஎம்பி மாதிரி ஃபோல்டருக்கு இந்தப் பட்டை இல்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும், அதனால் மற்ற ஃபோல்டர்களைப் போல வெறும் 01.

இப்படி மாற்றினால் எல்எஸ்ஸோடு நிற்காது. ட்ரீ, எஃப்டி போன்றவையும் இதே வேரியபிளைத்தான் படிக்கின்றன. இசட்ஷெல் பயன்படுத்துபவர்கள் டேப் அடித்து வரும் பட்டியலுக்கும் இதையே கொடுக்கலாம். கையால் எழுத அலுப்பாக இருந்தால் விவிட் என்று ஒரு நிரல் இருக்கிறது, தீம் பெயரைச் சொன்னால் முழு வரியையும் தயாரித்துக் கொடுக்கும். அளவு, வயது இவற்றுக்கெல்லாம் நிறம் வேண்டும் என்றால் எல்எஸ்ஸால் ஆகாது, ஈஸா பக்கம் போகவேண்டும்.

மேக்கில் இது எதுவும் செல்லாது. அங்கே இருப்பது பிஎஸ்டி வழி வந்த எல்எஸ். அதன் வேரியபிள் பெயரில் அடிக்கோடு இல்லை, எண்களும் இல்லை. எல்லாம் எழுத்து ஜோடிகள். ஜோடியில் முதலெழுத்து எழுத்தின் நிறம், இரண்டாவது பின்னணி. பெரிய எழுத்தாகப் போட்டால் தடித்துவிடும். கோப்பின் வாலைப் பார்த்து நிறம் கொடுக்கும் வசதியே அதில் இல்லை. என் கட்சிக்கு அது தோதுதான். ஆனால் ஏழாவது ஜோடி எது என்று விரல் விட்டு எண்ண வேண்டியிருப்பது எரிச்சல்.

நிறம் எப்போது வர வேண்டும் என்பதில் ஆட்டோ என்ற தெரிவை மாற்றாதீர்கள். ஆட்டோ என்றால் வெளியீடு திரைக்குப் போகிறதா என்று பார்த்து, திரை என்றால் மட்டும் நிறம். ஆல்வேஸ் என்று வைத்தால் பைப் வழியே அடுத்த நிரலுக்கும், சேமிக்கும் கோப்புக்கும் அந்த எஸ்கேப் குப்பை எல்லாம் சேர்ந்து போகும். ஸ்கிரிப்ட் எழுதியவர் கோப்பின் பெயரோடு பொருத்திப் பார்த்து ஏன் பொருந்தவில்லை என்று முடியைப் பிய்த்துக்கொள்வார். சூடோவோடு எல்எஸ் அடித்தால் நிறம் வராததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிறம் போடுவது அலையாஸ். சூடோவுக்குப் பின்னால் வரும் சொல்லை ஷெல் அலையாஸாகப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அதேபோல் சர்வரில் தமிழ்ப் பெயர் வைத்த கோப்பு 340, 256 என்று எண் சரமாக வந்தால் நிறத்தில் கை வைக்காதீர்கள். அது லோகேல் யுடிஎஃப்-8 ஆக இல்லாததன் விளைவு.

கடைசியாக வேகம். ஃபோல்டரா கோப்பா என்பது பட்டியலைப் படிக்கும்போதே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் இயக்கக்கூடியதா, செட்யுஐடியா என்று தெரிய எல்எஸ் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் போய் விசாரிக்க வேண்டும். உங்கள் மடிக்கணினியில் இது கண் சிமிட்டும் நேரம். நெட்வொர்க் வழியே எட்டும் பெரிய சேமிப்பகத்தில், ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தால், எல்எஸ் அடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷெர்லாக் கணினித் தொகுப்பை நடத்துபவர்கள் இதைத் துருவி, எல்எஸ்_கலர்ஸில் இயக்கக்கூடியது, செட்யுஐடி, செட்ஜிஐடி, கேபபிலிட்டி நான்குக்கும் 00 கொடுத்துவிட்டால் 40 மடங்கு வேகம் கிடைக்கிறது என்று எழுதினார்கள். 00 என்றால் நிறம் வேண்டாம். நிறம் வேண்டாம் என்றால் விசாரிக்கவும் வேண்டாம். கேபபிலிட்டி நிறத்தைக் க்னூகாரர்களே பிறகு இயல்பில் நிறுத்திவிட்டார்கள், கோப்புக்குச் சுமார் 30 சதவீதம் கூடுதல் வேலை வைக்கிறது என்று.

நான் பொது சர்வர்களில் என் .டிர்கலர்ஸை ஏற்றுவதில்லை. பலர் பார்க்கும் இடம், பழகிய நிறங்கள் அப்படியே இருக்கட்டும். பெரிய ஃபோல்டருக்குள் போகும்போது மட்டும் எல்எஸ்ஸுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு சேர்த்து அடிப்பேன். அலையாஸ் ஒதுங்கிக்கொள்ளும், பட்டியல் நிறமில்லாமல் உடனே வந்துவிடும்.